பொன்கொடி போட்ட தோலட்டை

எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் வைத்தியர். அவரிடம் ஒரு பழைய காகிதச் சுவடி இருந்தது. வெகுகாலம் கழித்து அதற்குச் சிவப்புத் தோலில் அட்டை போட்டார்கள். முதுகெல்லாம் தங்கப் பூச்சில் வரைந்த பொன்கொடி. வருகிறவர்கள் அட்டையைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

"மாப்பிள்ளை மிடுக்குத்தான்," என்றது சுவடி. "என்னை விரியத்தான் விடமாட்டேன் என்கிறார்."

"நீங்கள் உதிராமல் இருக்கத்தானே அக்கா இறுக்கிப் பிடிக்கிறேன்?" என்றது தோலட்டை.

"உனக்குப் பொருந்தவேண்டும் என்று பைண்டர் என் ஓரத்தை வெட்டினானே!"

"வெறும் ஓரம்தானே?"

"ஓரத்தில்தான் ராசா, மருந்து கொடுத்தவர்கள் அனுபவத்தில் கண்டதையெல்லாம் எழுதி வைத்தார்கள்."

தோலட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் பூமயில் என்பவள் நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். காய்ச்சலில் பிள்ளைக்குக் கண் செருகியிருந்தது. வைத்தியர் சுவடியைப் புரட்டினார்.

"பெரியவங்களுக்கு ரெண்டு குன்றிமணி எடை. 'குழந்தைக்கு'ன்னு எழுதி, அதோட வெட்டுப்பட்டிருக்கு."

"ஏதோ பார்த்துக் குடுங்கய்யா. நெருப்பாக் கொதிக்குது."

"கூடினா விஷம்மா. குறைஞ்சாக் கேக்காது."

அப்போது தோலட்டை மெல்லச் சொன்னது: "அக்கா, வெட்டிய துண்டுகளைப் பைண்டர் எறியவில்லை. பசை தடவி என் முதுகுக்குள் ஒட்டிவிட்டான். நான் நிமிர்ந்து நிற்பதே அதனால்தான்."

"அடப்பாவி! இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"பிரித்துப் போட்டுவிடுவார்களே என்று பயம்."

"இப்போது பயம் இல்லையா?"

"இருக்கிறது. நீங்கள் விரியுங்கள் அக்கா. நான் விட்டுவிடுகிறேன்."

சுவடி அகல விரிந்தது. முதுகு படாரென்று பிளந்து பொன்கொடி இரண்டாயிற்று. உள்ளே காகிதத் துண்டுகள்!

வைத்தியர் ஒவ்வொன்றாகப் பக்கத்தின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தார். ஒரு துண்டில் இருந்த பாதி எழுத்து, பக்கத்தில் இருந்த பாதியோடு பொருந்தியது. 'ஓர் அரிசி எடை, தேனில்.'

மத்தியானம் பிள்ளை கஞ்சி கேட்டான்.

"இனி என்னைக் குப்பையில் போடுவார்களா அக்கா?" என்றது தோலட்டை.

"போடட்டும் பார்க்கலாம்," என்றது சுவடி.

எனக்கும் அதை எறிய மனம் வரவில்லை. பிளந்த அட்டைக்குள்ளேயே சுவடியை வைத்து, நாடாவால் தளர்வாகக் கட்டினேன். அப்படியும் பயம் போகவில்லை. புதுத்தாள் ஒன்றை எடுத்து அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதினேன். ஓரத்தில் இல்லை, நட்டநடுவில்.