விலையில்லாச் சட்டி

“என்னை உடைத்தால் ஐந்து காசு. என்னை விற்றால் ஒன்றுமில்லை. இது எந்த ஊர் நியாயம்?”

மண்சட்டி காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பதினேழாவது தடவை கேட்டபோது கடைக்காரர் பலவேசம் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டார்.

ஆரம்பப்பட்டி என்று ஓர் ஊர். அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்தது. நெருப்புக் கக்கும் நாகத்தைக் கொல்லப் புறப்படும் வீரன் முதன்முதலில் அந்த ஊரில்தான் கண் விழிப்பான். விழித்ததும் முகம் கழுவ மாட்டான், பல் தேய்க்க மாட்டான். கண்ணில் பட்ட சட்டி பானைகளையெல்லாம் உடைப்பான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்து காசு இருக்கும். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்கக் கூடாது. அந்த ஊரில் அப்படித்தான்.

பலவேசத்தின் கடை வாசலில் பன்னிரண்டு சட்டிகள் இருந்தன. வீரன் போன தடவை வந்தபோது பதினொன்றை உடைத்தான். பன்னிரண்டாவதற்குத் தடியை ஓங்கியவன், ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பிப் போய்விட்டான். விளையாடிக்கொண்டிருந்தவரை வெளியே யாரோ சாப்பிடக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதுவும் நான்காவது தடவையாகக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

மிஞ்சிய அந்தச் சட்டிதான் இப்போது வாசற்படியில் உட்கார்ந்து வழக்காடிக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு ஒரு விலை. ஏனென்றால், விலைச்சீட்டுத் தொங்கினால் அது கடைச் சரக்கு. சரக்கின் மேல் கை வைத்தால் காவலர்கள் ஈட்டியோடு வந்துவிடுவார்கள். ஒரு பல் பூண்டு திருடியவனை மூன்று தெரு துரத்தியிருக்கிறார்கள். ஆனால் ஊரான் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைந்து, பெட்டியைத் துழாவி, அடுப்படியில் இருப்பதையெல்லாம் உடைத்துவிட்டு வெளியே வந்தால், அதே காவலர்கள் “இன்னைக்கு நல்ல வெயில்” என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவுவார்கள்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு காசு போடுங்க. சீட்டைக் கட்டி உள்ளே ஏதாவது ஒரு மூலையில வச்சிடுங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?”

“விலை நான் போடுறதில்ல, தாயி. மேலேருந்து பட்டியல் வருது. பட்டியல்ல சட்டி இல்ல.”

“எலிவால் இருக்கா?”

பலவேசம் தொண்டையைச் செருமினார். “இருக்கு. மூணு காசு.”

“எலிவாலை யாரு வாங்குறா?”

“நான்தான்.”

“வாங்கி?”

“முப்பது காசுக்கு விப்பேன்.”

“இதுவரைக்கும் எத்தனை வித்திருக்கு?”

பலவேசம் கல்லாப் பெட்டியின் பூட்டைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளே இருந்த மூட்டையின் வாயிலிருந்து ஓர் எலிவால் எட்டிப் பார்த்தது. “நாங்க ஆயிரத்து நாப்பது பேர் இருக்கோம், அக்கா. இன்னும் ஒருத்தரும் வெளியே போனதில்ல,” என்றது பணிவாக.

“கேட்டீங்களா? எலியே வேண்டாம்னு விட்டுட்டுப் போனதுக்கு விலை இருக்கு. எனக்கு இல்ல.”

“கூச்சலைக் குறை,” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

கண்ணாடி ஷோகேஸுக்குள் பட்டு மெத்தையில் ஒரு வாள் படுத்திருந்தது. அதன் சீட்டில் இருபதாயிரம் என்று எழுதியிருந்தது. அந்த ஊரையும், ஊர்க் கிணற்றையும், கிணற்றடியில் எப்போது பார்த்தாலும் ஒரே குடத்தை இறைத்துக்கொண்டிருக்கும் பெண்ணையும் சேர்த்து விற்றாலும் இருபதாயிரம் தேறாது.

“விலை என்பது பிறப்பிலேயே வருவது. கேட்டு வாங்குவதல்ல,” என்றது வாள்.

“ஓ, துரை முழிச்சுட்டீங்களா? யாருக்காகப் படுத்திருக்கீங்க?”

“தகுதியுள்ளவன் ஒருவன் வருவான்.”

“அதுக்குள்ள நாகம் வந்து கடையைக் கொளுத்திட்டா?”

“கொளுத்தட்டும்,” என்றார் பலவேசம். “அதுக்காகத் தள்ளுபடி கொடுக்க முடியுமா?”

“அண்ணாச்சி, நாகத்தைக் கொல்லப் போறவன் கையில துரையைத் தூக்கிக் கொடுத்தீங்கன்னா, கடையாவது மிஞ்சும்.”

“கொடுக்கலாமே. இருபதாயிரம் வச்சான்னா தாராளமாக் கொடுக்கலாம்.”

அம்மிக்கல்லோடு வாதாடினால்கூட அது கொஞ்சமாவது தேயும். சட்டி ஒரு பெருமூச்சு விட்டாள். மூச்சு விட்டபோது உள்ளே காசுகள் கலகலத்தன.

“சரி, இந்த அஞ்சு காசை நீங்களே எடுத்துக்கோங்க. உள்ளே ஒண்ணும் இல்லைன்னா அவன் என்னை ஏன் உடைக்கப் போறான்?”

பலவேசம் நல்ல மனிதர்தான். எழுந்து வந்து சட்டிக்குள் கையை விட்டார். முழங்கை வரை விட்டுத் துழாவினார். வெறும் காற்றுதான் அகப்பட்டது. கையை எடுத்துவிட்டுச் சட்டியைக் குலுக்கினார். கலகலத்தது.

“உடைச்சாத்தான் வரும் போல,” என்றார் வருத்தத்தோடு.

அப்போது தெருக்கோடியில் ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் இரண்டு ‘டமார்’.

“அக்கா, அவர் வந்துட்டார்,” என்றது எலிவால். “கையில ஒன்பது லட்சம் காசு இருக்காம். போன தடவை அவர் மூட்டையிலேருந்து வந்தவங்க பேசிக்கிட்டாங்க.”

“ஒன்பது லட்சமா? அப்புறம் எதுக்குடா அஞ்சு காசுக்கு…” என்று ஆரம்பித்த சட்டிக்கு மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. காலையிலிருந்து ஓயாத வாய் அது. “அண்ணாச்சி,” என்றாள். அவ்வளவுதான்.

பலவேசத்துக்கு அது பொறுக்கவில்லை. கல்லாவுக்கு அடியில் துழாவி எழுதாத சீட்டு ஒன்றை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

“எண் எழுதக் கூடாதுன்னுதான் உத்தரவு. எழுத்து எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல.”

அவர் எழுத நினைத்தது ‘விலைமதிப்பில்லாதது’. நினைப்பு நல்ல நினைப்புதான். ஆனால் ‘விலை’ என்பதை ஆசை ஆசையாகக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். சீட்டில் பாதிக்கு மேல் அதுவே அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் இன்னொரு ‘டமார்’. யோசிக்க நேரமில்லை. மிச்சமிருந்த இடத்தில் அடங்குகிற மாதிரி சுருக்கி எழுதி, சட்டியின் கழுத்தில் கட்டித் தூக்கிக் கடைக்குள் வைத்தார்.

‘விலையில்லா’.

“ரெண்டும் ஒண்ணுதானே,” என்றார்.

ஒன்றா? முதலாவதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். இரண்டாவதைக் க்யூவில் நின்று, முண்டியடித்து வாங்கிவந்து, மறு வாரமே பரணில் போடுவார்கள். ஒரு ‘மதிப்பு’ விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பலவேசத்துக்குத் தெரியவில்லை. கடை நடத்துகிறவருக்கு இதுகூடத் தெரியாவிட்டால் என்ன செய்ய?

வீரன் உள்ளே வந்தான். உடம்பில் தங்கக் கவசம். ஒரு காலில் இரும்புச் செருப்பு, இன்னொரு காலில் முயல் தோல் செருப்பு. தலையில் இறகு செருகிய பெண்கள் தொப்பி. அதைப் போட்டால் பாதுகாப்பு இரண்டு புள்ளி கூடுமாம். கூடுகிறது என்றால் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிற ரகம்.

“வாங்க வீரரே! நல்ல சரக்கு, நியாய விலை!” என்றார் பலவேசம். வீரன் எதிரே நிற்கும்போது அவர் வாயிலிருந்து வரக்கூடியது இரண்டே வாக்கியங்கள். அது முதலாவது.

வீரன் இடுப்பில் தனியாகக் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து அறுபத்திரண்டு எலிவால்களைக் கொட்டினான். பலவேசம் நூற்றெண்பத்தாறு காசு கொடுத்தார். ஒன்பது லட்சத்தோடு அது சேர்ந்தது. பிறகு வீரன் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். சட்டி கண்ணில் பட்டாள். பழக்க தோஷம், தடி தானாக உயர்ந்தது.

சட்டி கண்ணை மூடிக்கொண்டாள்.

தடி பாதியில் நின்றது. வீரன் குனிந்து சீட்டைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். அவன் முகத்தில், ஒன்பது லட்சம் சேர்ந்த அன்றுகூட வந்திராத ஒரு வெளிச்சம் வந்தது.

“சும்மாவா?” என்றான்.

அப்போதுதான் பலவேசத்துக்குத் தான் செய்த பிழை புரிந்தது. இல்லை வீரரே, அதற்கு அர்த்தம் வேறு, அது கொடுக்கிற பொருள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். முகமெல்லாம் வேர்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“நாகம் வருதாம், சாக்கிரதை!” என்றார். அது இரண்டாவது வாக்கியம்.

வீரன் சட்டியைத் தூக்கிப் பைக்குள் போடப் பார்த்தான். பை அவளை வெளியே தள்ளியது. “இருநூறு சாமான் ஆச்சு. இனி இடம் கிடையாது. ஒண்ணை எடுத்தா ஒண்ணு,” என்றது.

வீரன் யோசித்தான். எந்தச் சண்டையிலும் அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு வாளை எடுத்தான். ஷோகேஸில் இருந்ததே, அச்சு அசல் அதே வாள், அதே பிடி, அதே கல். அதைத் தரையில் ‘டங்’ என்று போட்டான். அந்த இடத்தில் சட்டியை வைத்துப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஷோகேஸ் வாள், தரையில் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் கிடந்த தன் உடன்பிறப்பைப் பார்த்தது.

“அப்ப, தகுதியுள்ளவன்னு சொன்னீங்களே, அது…” என்று மரியாதையாக ஆரம்பித்தது எலிவால்.

“வாயை மூடு,” என்றது வாள்.

பைக்குள்ளே சட்டி மெல்லக் கண்ணைத் திறந்தாள். விரிசல் இல்லை. விளிம்பு சரியாக இருந்தது. பிழைத்துவிட்டாள். தடியைப் பிடித்தவனுடைய பைக்குள்ளேயே இருந்தால் தடி எப்படி மேலே விழும்? ஆரம்பப்பட்டியில் இதைவிடப் பத்திரமான இடம் ஏது?

பையின் ஓரத்தில் தொண்ணூற்று நான்கு மருந்துக் குப்பிகள் வரிசையாக நின்றன. சிவப்பு மருந்து. ஒரு வாய் குடித்தால் வெட்டுக்காயம் மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஐம்பது காசுச் சீட்டு.

“நீங்கள்லாம் எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?” என்று கேட்டாள் சட்டி.

“நான் முதல் நாள்லேருந்து இருக்கேன்,” என்றது முன்னால் நின்ற குப்பி. “கடைசிச் சண்டைக்கு வேணும்னு எங்களை எடுத்து வச்சிருக்கார்.”

“கடைசிச் சண்டை எப்போ?”

“போன செவ்வாய்க்கிழமை முடிஞ்சுது.”

“முடிஞ்சுதா?”

“நாகம் செத்துப்போச்சு. இவர் தலை முதல் கால் வரை ரத்தம், அரை உசிரு. அப்பவும் எங்களைத் தொடல. பின்னால உதவும்னுட்டார்.”

“இன்னும் என்ன பின்னால?”

“அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம். அப்புறம் சட்டி உடைக்க வந்தார்.”

பை ஆடிக்கொண்டே போனது. ஊர் எல்லைக்கு வந்திருக்கும். சட்டென்று ஆட்டம் நின்றது. வீரன் ஒரு காலைத் தூக்கி முன்னால் நீட்டியபடி நின்றான். அந்தக் காலை ஊன்றவே இல்லை. காற்றில் தொப்பி இறகு மட்டும் அசைந்தது. ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாள். யாரும் எதையும் குடிக்கவில்லை, விற்கவில்லை, உடைக்கவில்லை. “சாப்பிடப் போயிருப்பார்,” என்றாள் சட்டி. ஐந்தாம் நாள் அதையும் சொல்லவில்லை.

“விளையாட்டை மூடிட்டாங்கன்னு நினைக்கிறேன்,” என்றது குப்பி. “இனிமே உன்னை யாரும் உடைக்க மாட்டாங்க. நீ நிம்மதியா இரு.”

சட்டி நிம்மதியாக இருந்துபார்த்தாள். பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருநூறு. அவற்றுக்கு நடுவில் அவள் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். சட்டியின் வாய், மூட முடியாது. இவ்வளவு நாளும் உடைவதைப் பற்றியும் விலையைப் பற்றியுமே சண்டை போட்டதில் வேறொன்றை நினைக்க நேரம் கிடைத்ததில்லை. இப்போது நினைத்தாள். நினைத்ததும் தன் பக்கவாட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். கரி ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் வழக்காடுகிற குரலை விட்டுவிட்டு, பைக்கு வெளியே கேட்கும்படியாகச் சொன்னாள்:

“வீரரே, காது கேக்குதா? அடுப்புல ஏத்துங்கன்னு கேக்கல. அரிசி பருப்பும் கேக்கல. என்னை வெளியே எடுத்து ஒரே ஒரு தடவை தண்ணி ஊத்திப் பாருங்க. நான் ஒழுகுறேனா இல்லையான்னு எனக்கே தெரியாது.”