தெரிந்துபோன கணக்குகள்

கோமதிநாயகத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. கணிதம் படிக்க விண்ணப்பித்திருந்தான். வரும் திங்கட்கிழமை நேர்காணல். இடம் கிடைக்காவிட்டால் மாமாவின் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். அவனுக்குச் செங்கல் தூசு பட்டாலே நாளெல்லாம் தும்மல்.

மாமா சுடலைமுத்து கடிதத்தை உரக்க வாசித்தார். "மாணவருக்கு இதுவரை தெரியாத கணக்குகளே கேட்கப்படும். கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும்."

கடிதத்தை மடித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஏலே, உனக்கு எத்தனை கணக்குத் தெரியும்?"

"நெறையத் தெரியும் மாமா" என்றான் தலையைக் குனிந்தபடி.

"பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோமே, அங்கதான் கெட்டுப்போனான்" என்றாள் அக்கா இசக்கியம்மாள்.

"போனது போகட்டும். இனிமே ஒண்ணுகூடத் தெரிஞ்சிரக் கூடாது" என்றார் மாமா.

புத்தகங்கள் பரணில் ஏறின. காலண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பியது. இட்லி வைக்கும்போது அக்கா அவன் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை தின்னேன்னு தெரியலயே அக்கா."

"நல்லது. அதைக்கூடக் கேட்டாலும் கேப்பாங்க."

பத்தொன்பது தின்றிருந்தான்.

வீட்டில் கரும்பலகை இல்லை. அண்ணன் பிச்சையா எருமையைப் பிடித்துவந்து நிறுத்தி, சாக்குக்கட்டியை நீட்டினான். ஏற்கெனவே தெரிந்துபோன கணக்குகளை மட்டும் போட்டுப் பழக அனுமதி. இரண்டாவது வரியிலேயே எருமை குளத்துக்குக் கிளம்பிவிடும். சனிக்கிழமைக்குள், இடது கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே கணக்கை முடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டான்.

திங்கட்கிழமை நான்கு பேரும் போனார்கள். அவனை மட்டும் உள்ளே விட்டார்கள்.

"ஒன்றிலிருந்து நூறு வரை எல்லா எண்களையும் கூட்டினால் என்ன வரும்?" என்றார் பேராசிரியை.

கோமதிநாயகம் கைகூப்பினான். "மன்னிக்கணும் மேடம். இது எனக்குத் தெரியும்."

"தெரிந்தால் போடு தம்பி."

இடது கையால் பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுத ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் கால்கள் தாமாக நடந்தன. பலகை வரவில்லை. விடையைச் சுவரில் எழுதினான்.

பேராசிரியை சுவரைப் பார்த்தார். விடை சரி. இன்னொன்று கேட்டார். அதுவும் தெரிந்திருந்தது. மூன்றாவதும். அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

"ஒண்ணே ஒண்ணு, தெரியாததாக் கேளுங்க மேடம். எங்க வீட்ல எல்லாரும் வெளியில உக்காந்திருக்காங்க."

"போதும்ப்பா. இடம் உனக்குத்தான்."

செய்தி கேட்டு அக்கா அழுதாள். பிச்சையா குதித்தான். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"மூணு வருசம் இங்க என்னல செய்வாங்க?"

"கணக்குச் சொல்லித்தருவாங்க மாமா."

"அதுக்குப் பெறகு?"

"மேல்படிப்பு. அதுக்கும் நேர்காணல் உண்டாம்."

மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்புகள் தொடங்கிய முதல் நாள். வருகைப் பதிவில் கோமதிநாயகத்தின் பெயரை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்த பேராசிரியை வெளியே வந்தார். தாழ்வாரத்தில் அவன் வகுப்புக்கு முதுகைக் காட்டி, காதில் பஞ்சடைத்து உட்கார்ந்திருந்தான். இருபுறமும் அக்காவும் அண்ணனும் காவல்.

மாமா எழுந்து கும்பிட்டார்.

"நீங்க தைரியமாப் பாடம் நடத்துங்க மேடம். ஒரு வார்த்தை இவன் காதுல விழாது. அதுக்கு நாங்க பொறுப்பு."