பத்தொன்பதும் பத்தொன்பதும்

சோணமங்கலத்துக்காரர்களுக்கு அறிவு கொஞ்சம் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எத்தனை படி குறைவு என்று கேட்பார்கள். அளவு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு.

அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் தணிகாசலம். அவரையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள், பத்தொன்பது பிள்ளைகள். இந்தப் பத்தொன்பதுதான் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. இருபதுக்குக் கீழே இறங்கிய பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். பக்கத்துப் பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி மேலமங்கலத்தில் இருக்கிறது. அங்கே தலைமையாசிரியராக இருப்பவன் தணிகாசலத்தின் மனைவியுடைய தம்பி. இவர் கல்யாணத்தன்று இவர் தோளில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக முறுக்குத் தின்ற பயல். அவன் முன்னால் கைகட்டி நின்று, "சார், இன்னைக்கு அரை நாள் லீவு வேணும்" என்று கேட்பதா? நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கல்வி அலுவலர் பத்மாசனி மேடம் போன் செய்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணா பத்தொன்பது டேப் கம்ப்யூட்டர் அனுப்பியிருக்கேன். இணைய வகுப்பறை தொடங்குங்க. உங்க வகுப்பறையை எப்படி நடத்துறீங்களோ, அப்படியே அதையும் நடத்தணும். ஒண்ணும் குறையக் கூடாது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். திருப்தியா இருந்தா உங்க பள்ளிக்கூடம் தப்பிக்கும். இல்லைன்னா மேலமங்கலம்."

'அப்படியே', 'ஒண்ணும் குறையக் கூடாது' என்ற இரண்டையும் தணிகாசலம் தாளில் எழுதி, கீழே சிவப்பு மையால் கோடிட்டார்.

அமலோற்பவம் டீச்சருக்குப் போனில் ரயில் டிக்கெட் எடுக்கத் தெரியும். எனவே இணைய வகுப்பறையைத் திறக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. திங்கட்கிழமை காலை அவருடைய மடிக்கணினித் திரையில் பத்தொன்பது கட்டங்களில் பத்தொன்பது முகங்கள் தெரிந்தன. பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே பாயில், ஆளுக்கொரு டேப்போடு உட்கார்ந்திருந்தார்கள். "வணக்கம் ஐயா" என்று அவர்கள் சொன்னதும், டேப்புகள் எல்லாம் ஒன்றையொன்று கேட்டு, "வணக்கம் ணக்கம் க்கம்" என்று கூரை அதிர ஊளையிட்டன.

"அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு மரியாதை ஜாஸ்தி சார்" என்றார் அமலோற்பவம் டீச்சர், காதைப் பொத்திக்கொண்டு. "நாம ஒரு தடவை சொன்னா அவங்க நாற்பது தடவை சொல்றாங்க."

முதல் சிக்கல் செருப்பில் வந்தது.

"நம்ம வகுப்பறைக்குள்ள செருப்போட வரலாமா?" என்று கேட்டார் மூன்றாவது ஆசிரியரான வேலாயுதப்பெருமாள்.

"கூடாது. வெளியே கழட்டணும்."

"கழட்டியாச்சு. ஆனா அது இந்த வகுப்பறைக்கு வெளியே. அந்த வகுப்பறைக்கு வெளியே எது சார்?"

அரை மணி நேரம் விவாதித்தார்கள். டேப் எதற்குள்ளிருந்து வந்ததோ அதுதான் டேப்புக்கு வெளியே என்று முடிவாயிற்று. பத்தொன்பது அட்டைப் பெட்டிகளில் பத்தொன்பது ஜோடிச் செருப்புகளை வைத்து மூடினார்கள்.

அடுத்தது இட ஒழுங்கு. குட்டைப் பிள்ளைகள் முன்னால், நெட்டைப் பிள்ளைகள் பின்னால் உட்காருவது பள்ளி வழக்கம். திரையிலோ, பள்ளியிலேயே நெட்டையான உலகநாதன் முதல் வரிசை முதல் கட்டத்தில் இருந்தான். ஒன்றாம் வகுப்பு செண்பகவல்லி கடைசி வரிசையில் இருந்தாள்.

"டேய், பின்னால போ" என்றார் தணிகாசலம். அவன் சுவரோரம் போனான். திரையில் அசையவில்லை. வாசலுக்கு அனுப்பினார், வேப்பமரத்தடிக்கு அனுப்பினார். முதல் கட்டத்திலேயே இருந்தான்.

"பாருங்க சார் திமிரை" என்றார் வேலாயுதப்பெருமாள். "இங்கே உள்ளவன் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கிறான். அங்கே உள்ளவன் நகர மாட்டேங்கிறான்."

கடைசியில், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காதபடி அவன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த வாரம் முழுக்க முதல் கட்டத்தில் அவனுடைய வகிடு மட்டும் பாடம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை இணைய வகுப்பறையைப் பெருக்கினார்கள். தென்னை விளக்குமாறு டேப்புகளின் கண்ணாடியில் நீளநீளமாகக் கோடு போட்டது. இரட்டைக் கோடு நோட்டுப் போலக் கையெழுத்துப் பழக வசதி என்று அமலோற்பவம் டீச்சர் மெச்சினார்.

புதன்கிழமை தணிகாசலத்தின் போனில் சார்ஜ் இல்லை. அவர் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோதும், இணைய வகுப்பறைக்குள் நுழைய நான்கு நிமிடம் தாமதமாகிவிட்டது. 'அனுமதிக்காகக் காத்திருக்கவும்' என்றது போன். மணியடித்த பிறகு வருபவர் யாரானாலும் ஒரு பீரியட் வெளியே நிற்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. பேசாமல் எழுந்து போய் வெயிலில் நின்றார்.

அமலோற்பவம் டீச்சர் ஜன்னல் வழியே, "சார், ஒரு தட்டுத் தட்டினா நீங்க உள்ளே வந்துடலாம். தட்டவா?" என்று கேட்டார்.

"தட்டினீங்கன்னா உங்களுக்கு மெமோ. ஒண்ணும் குறையக் கூடாதுன்னு மேடம் சொன்னது மறந்துபோச்சா?"

வியாழக்கிழமை பெரிய சிக்கல் வந்தது. வகுப்பறைக்கு ஒரு வருகைப் பதிவேடு என்பது விதி. இப்போது வகுப்பறை இரண்டு.

"ஒரே பிள்ளை ஒரே நேரத்துல ரெண்டு வகுப்புல உட்காரலாமா சார்?" என்றார் வேலாயுதப்பெருமாள்.

"அதெப்படி?"

"அப்போ இங்கே இருக்கிறது யாரு, அங்கே இருக்கிறது யாரு?"

தணிகாசலம் சோதித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தார். செண்பகவல்லியிடம் ஒரு புளியங்காயைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். அவள் கடித்தாள், ஒரு கண்ணை மூடி முகத்தைச் சுளித்தாள். திரையிலிருந்த செண்பகவல்லியும் சுளித்தாள்.

"கொடுத்த காய் ஒண்ணு" என்றார் தணிகாசலம். "புளிச்சது ரெண்டு பேருக்கு. சந்தேகமே இல்லை, ரெண்டு பிள்ளைதான்."

இரண்டாவது பதிவேட்டில் பத்தொன்பது பெயர்களும் ஏறின.

வெள்ளிக்கிழமை பத்மாசனி மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். செருப்புப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். உலகநாதனின் வகிட்டைப் பார்த்தார். பதிவேடுகளைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது. தணிகாசலத்தின் கண்முன்னே மைத்துனனும் முறுக்கும் வந்து போனார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மேடமும் சோணமங்கலத்து ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான்.

"ஹெச்செம் சார், இங்கே பத்தொன்பது. அங்கே பத்தொன்பது. ரெண்டுமே இருபதுக்குக் கீழே."

"மேடம், கொஞ்சம் தயவு பண்ணணும்..."

"என் கையில என்ன இருக்கு? விதின்னா விதி. குறைஞ்ச பள்ளியை மிகப் பக்கத்துல உள்ள பள்ளியோட சேர்க்கணும். இணையத்துல உள்ள பள்ளிக்குப் பக்கத்துப் பள்ளி எது?"

"மேலமங்கலம், மேடம். மூணு கிலோமீட்டர்" என்றார் தணிகாசலம், அழாத குறையாக.

மேடம் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஒரு முனையை டேப்பில் வைத்து வேலாயுதப்பெருமாளைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைக் கரும்பலகை வரை இழுத்தார்.

"நாலடி ரெண்டு அங்குலம். இதுதான் பக்கம்."

அங்கேயே உத்தரவு எழுதினார். இணைய வகுப்பறை மூடப்படுகிறது, அதன் பத்தொன்பது பிள்ளைகளும் சோணமங்கலம் தொடக்கப் பள்ளியில் சேர்க்கப்படுகிறார்கள், மொத்தம் முப்பத்தெட்டு. மேலமங்கலத்தில் முப்பத்தொன்றுதான்.

தணிகாசலம் அன்று மத்தியானம் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். நடுநடுவே, "உன் தம்பிகிட்டே சொல்லு, முப்பத்தெட்டுன்னு சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார்.

திங்கட்கிழமை வருகை எடுத்தார். பத்தொன்பது பேர் "உள்ளேன் ஐயா" என்றார்கள். இருபதாவது பெயரைக் கூப்பிட்டார்: "உலகநாதன்!"

உலகநாதன் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றான்.

"நீ முதல்லயே சொல்லியாச்சு, உட்காரு. புதுசா சேர்ந்தவனைக் கூப்பிடுறேன்."

புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. தணிகாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். செண்பகவல்லியின் அம்மா பூவம்மாள் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, செண்பகவல்லி ஏன் வரலை?"

"காலையிலேயே தலை சீவி அனுப்பினேனே சார்?"

"அது பழையவ, அவ வந்துட்டா. இணையத்துலேயிருந்து மாறி வந்திருக்காளே, அவளைக் கேக்கிறேன்."

பூவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"வீட்டுல இருக்கிறது ஒரே சீருடை சார். அதைப் பழையவ போட்டுக்கிட்டுப் போயிட்டா. இவ என்னத்தைப் போட்டுக்கிட்டு வருவா?"

நியாயமாகத்தான் பட்டது. மற்ற பதினெட்டு வீடுகளிலும் இதே பதில்தான். அதனால் ஒரு நாள் பழையவர்கள், ஒரு நாள் புதியவர்கள் என்று முறை வைத்து அனுப்பச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். தணிகாசலம் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, கூச்சப்படாமல் உட்காரச் சொல்லி, புதியவர்களாயிற்றே என்று முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். பிள்ளைகள் முதல் பாடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

அவர் பிரமித்துப்போய் அமலோற்பவம் டீச்சரைத் தனியே அழைத்தார்.

"டீச்சர், வந்த முதல் நாளே எவ்வளவு சூட்டிகை பார்த்தீங்களா! நாளைக்கு அந்தப் பழைய பத்தொன்பதும் வரும்போது சொல்லிடுங்க: சாயங்காலம் இதுகள்கிட்டே டியூஷன் படிக்கணும்."