சத்தம் புகாத அறை

ஆளவந்தாருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குரு பூரணியம்மாளுக்கு முப்பத்தெட்டு. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு தியானக் குடில் நடத்தினார் அம்மாள். தன்னைவிட மூத்த சீடர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தால், அவரும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார்.

அன்று ஆளவந்தாரால் கண்ணை மூடவே முடியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மாள்.

"பாப்பா தூங்க மாட்டேங்குறாம்மா."

பதினாறு வருடம் காத்திருந்து பிறந்த பெண். பெயர் நப்பின்னை, நான்கு வயது. போன மாதம் காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கட்டும் என்றார் டாக்டர். ஆளவந்தார் முதல் பாதியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, இரண்டாவது பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

"பக்கத்துல கிரில் பட்டறைம்மா. காலையில ஆரம்பிச்சா இரும்பை அறுத்துக்கிட்டே இருக்கான். ஜன்னலுக்கு ரெண்டு கண்ணாடி போட்டேன். சுவர் பூரா பஞ்சு அடிச்சேன். கதவுக்கு மேல இன்னொரு கதவு, ஓரமெல்லாம் ரப்பர். கடிகாரத்தைக் கழட்டிட்டேன். புரண்டு படுத்தா கொலுசு சத்தம் வருதுன்னு அதையும் கழட்டிட்டேன்."

"அப்புறம்?"

"கதவைத் திறந்து பார்த்தா எந்திரிச்சு உட்கார்ந்திருக்கா. எங்கேயோ ஒரு சத்தம் மிச்சம் இருக்கு, எனக்குப் பிடிபடல. நீங்க மௌனம் பழகினவங்க. ஒருதரம் வந்து பார்க்கணும்."

அம்மாள் அன்று மத்தியானமே போனார். குழந்தையை ஆளவந்தாரின் மனைவி எதிர்வீட்டுக்குத் தூக்கிப்போயிருந்தாள்.

அம்மாள் குழந்தையின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கதவையும் சாத்துங்க. பாப்பா தூங்கும்போது எங்க உட்காருவீங்களோ, அங்கேயே உட்காருங்க. நான் கூப்பிட்டா வாங்க."

ஆளவந்தார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டறையில் இரும்பு கிறீச்சிட்டது. பத்து நிமிடம் ஆனது. அம்மாளுக்கே நிஷ்டை கூடிவிட்டது போல என்று நினைத்தார், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அரைமணி ஆனது. கூப்பிடவில்லை.

பெருமை போய்விட்டது. உள்ளே காற்று இல்லையோ? மயக்கம் ஏதும் வந்திருக்குமோ? எழுந்து போய்க் கதவில் கை வைத்தார். திறந்தால் சத்தம் வரும், அம்மாள் கவனித்துக்கொண்டிருப்பார். கையை எடுத்துக்கொண்டார். திரும்ப உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் கதவுக்குமாக எத்தனை தடவை நடந்தாரோ, கடைசியில் இரண்டு கதவையும் ஒரே மூச்சில் இழுத்துத் திறந்தார்.

அம்மாள் கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"கூப்பிடுறேன்னீங்களேம்மா! எனக்கு உயிரே போயிடுச்சு."

"கூப்பிட்டேன்," என்றார் அம்மாள். தொண்டை கட்டியிருந்தது. "ஒன்பது தடவை. கடைசி ரெண்டு தடவை கதவைத் தட்டிக்கிட்டே கத்தினேன்."

"என் காதுல ஒண்ணுமே விழலையே... என்னன்னு கூப்பிட்டீங்க?"

"அப்பான்னு."