புகைக்கு ஆடித் தள்ளுபடி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘அள்ளிக்கோ ஸ்டோர்ஸ்’ என்று ஒரு தள்ளுபடிக் கடை. பிளாஸ்டிக் வாளியிலிருந்து பட்டுச்சேலை வரை எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். புத்தி மட்டும் எந்த விலைக்கும் கிடைக்காது. அங்கே வேலை பார்த்தவர்கள் மூன்று பேர்: மேனேஜர் குருமலை, பில் போடும் சீனியம்மாள், லாரி ஓட்டும் கருத்தப்பாண்டி. தங்கமான மனிதர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், வம்பே அதில்தான்.

மதுரையில் இருக்கும் முதலாளி ஏதோ ஒரு மேடையில், கழுத்தில் மாலை விழுந்த சந்தோஷத்தில், “ஆடி பிறப்பதற்குள் என் எல்லாக் கிளைகளிலும் கரிப்புகையைப் பாதியாகக் குறைப்பேன், பூமி சூடாவதைத் தடுப்பேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தது அவர், குறைக்க வேண்டியது குருமலை. புகை அளக்கும் மிஷினோடு ஹெட் ஆபீஸ் அதிகாரி ஒருவர் வருவார், குறைக்காத கிளையை இழுத்து மூடிவிடுவோம் என்று போனில் உத்தரவு வந்தது. குருமலை மற்ற இருவரையும் கூப்பிட்டார்.

“கடையை மூடிட்டா நம்ம மூணு பேரு வீட்லயும் அடுப்பு எரியாதுலே,” என்றார்.

“எரியலைன்னா அதுலயும் புகை குறையும்லா அண்ணாச்சி,” என்றான் கருத்தப்பாண்டி ஆறுதலாக.

குருமலை அவனை முறைத்தார். “நம்மகிட்ட புகை எங்கெங்க வருது? அதைச் சொல்லு.”

“கரண்டு போனா ஜெனரேட்டர்ல வரும். சரக்கு ஏத்தப் போனா லாரியில வரும்.”

“அதைப் பாதியாக்குறது எப்படி?”

மூவரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். கடைசியில் சீனியம்மாள் வாயைத் திறந்தாள்.

“நைட்டியைப் பாதி விலையாக்குறது எப்படி அண்ணாச்சி? முதல்ல ரெண்டு மடங்கா ஒரு விலை ஒட்டுதோம். அப்புறம் அதை அடிச்சிட்டு, பழைய விலையைப் போடுதோம். சனம் சந்தோஷமா வாங்கிட்டுப் போகுதுல்லா?”

“ஆமா.”

“அப்ப புகையையும் முதல்ல ரெண்டு மடங்காக்கணும்.”

குருமலைக்குக் கண் கலங்கிவிட்டது. “நீ இருக்க வேண்டிய இடம் ஹெட் ஆபீஸ், தாயி!”

அன்றே வேலை தொடங்கியது. கரண்டு இருக்கும்போதும் ஜெனரேட்டர் ஓடியது. கருத்தப்பாண்டி காலி லாரியைச் சாத்தூருக்கு ஓட்டிப்போய், சேவு வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினான். அதுவும் போதாது என்று தோன்றினால் லாரியைக் கடைவாசலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தான். வெள்ளை வேட்டியெல்லாம் சாம்பலாகிவிட்டது. சீனியம்மாள் அதைப் புது மாடல் என்று சொல்லி விற்றாள். எதிர்க்கடை டீ மாஸ்டர் இருமித் தாங்காமல், கடை பற்றி எரிகிறது என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. அதன் பின்பக்கம் குபுகுபுவென்று புகை.

“அண்ணாச்சி, இந்தப் புகை யாரு கணக்குல சேரும்?” என்று கேட்டான் கருத்தப்பாண்டி.

“நமக்காகத்தானே வந்திருக்கு? நம்ம கணக்குதான்,” என்றார் குருமலை. தீயணைப்புக்காரர்களுக்கு சர்பத் வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

அதிகாரி ஜம்புலிங்கம் வரும் நாளில் எல்லாவற்றையும் பழைய அளவுக்கே இறக்கிவிட்டார்கள். அவர் மிஷினை வைத்து அளந்தார்.

“சரி, முன்னாடி எவ்வளவு இருந்துச்சு? அது தெரியாம பாதின்னு நான் எப்படி எழுத?”

அதை யாருமே அளக்கவில்லை. குருமலை ஜெனரேட்டரைப் பார்த்தார், கருத்தப்பாண்டி லாரியைப் பார்த்தான். சீனியம்மாள் மட்டும் அசரவில்லை. மிஷினில் தெரிந்த எண்ணை எட்டிப் பார்த்து, அதை இரண்டு மடங்காக்கி ஒரு பெரிய அட்டையில் எழுதினாள். சிவப்பு மையால் அதை அடித்தாள். கீழே மிஷின் காட்டிய எண்ணைப் போட்டு, ‘ஆடித் தள்ளுபடி 50%’ என்று எழுதி ஜெனரேட்டரில் கட்டித் தொங்கவிட்டாள்.

அதிகாரி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இது செல்லாது.”

குருமலை அழுதேவிட்டார். பாவம், அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

“‘வரை’ எங்கய்யா? ஐம்பது சதவீதம் வரைன்னு ஓரத்துல பொடி எழுத்துல போட வேண்டாமா? கம்பெனி வழக்கம்கூடத் தெரியாம என்ன மேனேஜர் நீ?”

போட்டார்கள். கிளை தப்பியது. முதலாளிக்கு இன்னொரு மேடையில் இன்னொரு மாலை விழுந்தது.

அட்டையைக் கழற்ற வேண்டும் என்றுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிகாரி வந்துபோன மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால், ஜெனரேட்டரில் ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டைப்பையோடு வரிசை. என்ன தருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தள்ளுபடி என்பது மட்டும் தெரியும்.

“ஆளுக்கு ரெண்டு கிடைக்குமா?” என்று முதலில் நின்ற அம்மா கேட்டாள்.

வரிசையின் நீளத்தைப் பார்த்த குருமலை பதறிப்போனார்.

“ஏலே கருத்தப்பாண்டி, ஸ்டாக் பத்தாதுலே! லாரியை ஸ்டார்ட் பண்ணு!”