அம்மாவுக்கு வாங்குன மடக்கு வீடு

தண்ணி குடிக்கிறவங்க இப்பவே குடிச்சிட்டு வந்து உக்காருங்க. நடுவுல பொரையேறுனா நான் பொறுப்பில்ல.

நொச்சிக்காட்டூர்ல வெள்ளையம்மான்னு ஒருத்தி. அவளுக்கு மூணு பயலுக: மாசானம், சங்கிலி, நம்பி. மூணு பேரும் ஒரு குட்டியானை வண்டியில குடம் ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போய் விப்பாங்க. குடத்த விட்டா உலகத்துல வேற ஒண்ணும் தெரியாது. குடத்தப் பத்தியும் முழுசாத் தெரியும்னு சொல்ல முடியாது.

அவங்களக் குறை சொல்லக் கூடாது, ரத்தம் அப்படி. அவங்க அப்பன் ஒருக்க தென்காசிக்குப் பஸ் ஏறுனான். கண்டக்டர், "உள்ள போய்க்கிட்டே இருங்க, போய்க்கிட்டே இருங்க"ன்னான். இவனும் போய்க்கிட்டே இருந்தான். முன்வாசல் வந்துச்சு, எறங்கி வீட்டுக்கு வந்துட்டான். "தென்காசிக்குப் போகலியா?"ன்னு வெள்ளையம்மா கேட்டா. டிக்கெட்ட எடுத்துக் காட்டி, "போயாச்சுட்டீ"ன்னுட்டான். நான் எங்க விட்டேன்? ஆங், வெள்ளையம்மா.

அவளுக்கு ஒரு வீம்பு. சொந்தக் கூரைக்குக் கீழதான் படுப்பா. அடுத்தவ வீட்டுல ஒரு ராத்திரி தலை சாய்க்க மாட்டா. அவ அக்கா சொர்ணம், முப்பது கிலோமீட்டர் தெக்க, செம்மண்விளையில இருக்கா. அவளுக்கும் அதே வீம்பு. பதினெட்டு வருஷமா போன்லதான் பேச்சு, போன்லதான் சண்டை. பகல்ல போயிட்டுப் பகல்லயே வந்துரலாமேன்னா, "பகல்ல பேசுறதெல்லாம் ஒரு பேச்சா?"ம்பா.

அக்காவுக்கு எண்பது முடியப் போகுதுன்னதும் வெள்ளையம்மா அழுதுட்டா. "ஏலே, நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவ பக்கத்துல ஒரு ராத்திரி படுத்துக் கெடந்து பேசணும்லே. ஒரு வழி பண்ணுங்க."

மூணு பேரும் உக்காந்து யோசிச்சாங்க.

"அம்மா வீட்ட விட்டு வரமாட்டா," மாசானம்.

"அப்ப வீட்டக் கூட்டிட்டுப் போகணும்," சங்கிலி.

"எப்படிண்ணே? கக்கூஸத் தனியாக் கட்டியிருக்கே," நம்பி.

மெக்கானிக் செல்வின்தான் வழி சொன்னான். பைபாஸ் ரோட்டுல தாசையான்னு ஒருத்தர் பழைய வண்டி விக்கிறார், அவர்கிட்ட மடக்கு வீடு ஒண்ணு கெடக்கு. பாத்தா சக்கரம் வெச்ச பெட்டி. கைப்பிடியச் சுத்துனா கூரை மேல எழும்பும். ரெண்டு பக்கமும் கட்டில இழுத்துவிடலாம். சுத்தித் துணிச் சுவரு. வண்டிக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போகலாம். "பழைய சாமான், சூதானமா வாங்குங்க. தண்ணி ஊத்தி ஒழுகுதான்னு பாருங்க. டயர உதைச்சுப் பாருங்க. சொன்ன வெலைக்கு வாங்கிராதீங்க"ன்னான் செல்வின்.

போனாங்க. தாசையா கூரைய எழுப்பிக் காட்டிட்டு டீ சொல்லப் போனார். திரும்பி வந்து பாத்தா, மூணு பேரும் குடத்துல தண்ணி கொண்டாந்து வீட்டுக்கு உள்ள ஊத்திக்கிட்டு இருக்காங்க.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதீங்க?"

"ஒழுகுதான்னு பாக்கோம். ஒழுகுது. வாசல் வழியாவே ஒழுகுது," மாசானம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

"கூரை மேலல்லா ஊத்தணும்!"

"எங்க தொழில எங்களுக்கே சொல்லித் தாரீரா? குடத்துக்கு உள்ளதான் ஊத்திப் பாப்போம்."

அடுத்து டயரு. நம்பி ஓங்கி ஒரு உதை விட்டான். அப்புறம் மூணு பேரும் வரிசையாக் குத்த வெச்சு டயரப் பாத்தாங்க. டீ ஆறி ஏடு கட்டிருச்சு. "இன்னும் எவ்வளவு நேரம்ணே பாக்கணும்?"ன்னான் நம்பி. "செல்வின் நேரம் சொல்லலியே"ன்னான் மாசானம்.

கடைசியா தாசையா, "அறுபதாயிரம்"ன்னார்.

"சொன்ன வெலைக்கு வாங்க மாட்டோம்!" மூணு பேரும் ஒரே குரல்ல.

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"அறுபத்தஞ்சு. அதுக்குக் கீழ ஒரு பைசா கொறைக்க மாட்டோம்."

தாசையா கும்பிட்டுட்டுக் குடுத்தார்.

சும்மா இல்ல, சொந்த வீடுல்லா? ஊரையே கூப்பிட்டுப் பால் காய்ச்சுனாங்க. தபால்காரர், கறிக்கடைக்காரர், குடம் ஒழுகுதுன்னு போன மாசம் சட்டையப் பிடிச்சவரு, ஒருத்தரையும் விடல. "பெரியம்மாவுக்குப் பத்திரிகை?"ன்னு நம்பி கேட்டான். "கூறு இருக்காலே? நாமதான் அங்க போறோமே, அவ எதுக்கு இங்க வரணும்?"ன்னான் மாசானம். மொறைப்படி மாட்ட உள்ள ஏத்துனாங்க. மாடு ஒரு பக்கத்துத் துணிச் சுவரத் தின்னுட்டு எறங்குச்சு. அத சன்னல்னு வெச்சுக்கிட்டாங்க.

ஜோசியரும் வந்து சாப்பிட்டார். ஏப்பம் விட்டுட்டு, "வாசல் எப்பவும் சூரியனப் பாத்தே இருக்கணும். தப்புனா குடும்பத்துக்கு ஆகாது"ன்னுட்டுப் போனார். அவர் பாட்டுக்குச் சொல்லிட்டார்.

மறுநாள் காலையில பொறப்பட்டாங்க. கூரைய மடிக்கல. மடிச்சா அது வீடில்ல, பெட்டின்னுட்டா வெள்ளையம்மா. விரிச்ச வீட்டுக்குள்ள அவ கட்டில்ல உக்காந்திருக்க, குட்டியானை நத்தை மாதிரி இழுக்க, சப்பரம் வருதுன்னு ரோட்டோரத்துல ரெண்டு பேரு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஒருத்தி தேங்காயே ஒடைச்சா.

வீட்டுக்கு வாசல் இடது பக்கம். தெக்க பாத்துப் போறப்ப காலை வெயில் நேரா வாசல்ல விழுந்துச்சு. மத்தியானம் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. பாதி தூரம் வந்து, சாப்பிட்டுக் கை கழுவுறாங்க, சூரியன் அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு.

"அண்ணே, வாசல்ல நெழலு!" நம்பி அலறுனான்.

"திருப்புலே வண்டிய!"

திருப்புனாங்க. வாசல் சூரியனப் பாத்துச்சு, வண்டி ஊரப் பாத்துச்சு. பொழுது சாய நொச்சிக்காட்டூர் வந்து சேந்தாங்க.

மறுநாளும் போனாங்க. மறுநாளும் வந்தாங்க. அங்கேயே நிறுத்திட்டுப் படுத்திருக்கலாமேன்னு கேக்கீங்க. உங்களுக்குத் தோணுது. அவங்களுக்குத் தோணியிருந்தா உங்களுக்கு ஏது கதை?

அஞ்சாம் நாள் சொர்ணம் போன் போட்டா. "எங்கட்டீ இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"நேத்தும் அதத்தான் சொன்ன. நாளன்னைக்கு எனக்கு எண்பது. அதுக்குள்ள வரலேன்னா ஒரேயடியா மாலையோட வா."

வெள்ளையம்மா வாயில முந்தானைய வெச்சுக்கிட்டு அழுதா. பயலுக பதறிட்டாங்க.

"காலையிலதான் இந்த வீடு சரி. மத்தியானத்துக்கு மேல ஆகல," மாசானம்.

"அப்ப மத்தியானத்துக்குன்னு தனியா ஒரு வீடு வாங்குவோம். வாசல் வலது பக்கம் வெச்சது," சங்கிலி.

இதுல கொடுமை என்னன்னா, கணக்கு சரியா இருக்கு.

தாசையாகிட்ட வெளிநாட்டுச் சாமான் ஒண்ணு, வாசல் வலது பக்கம் வெச்சதாவே கெடந்துச்சு. அதையும் சொன்ன வெலைக்கு வாங்கல. கொண்டாந்து திரும்பப் பால் காய்ச்சி, திரும்ப ஊரக் கூப்பிட்டு, திரும்ப மாட்ட ஏத்தி, இன்னொரு சன்னலும் வெச்சாங்க.

சொர்ணத்துக்கு எண்பது முடியுற நாளு. குட்டியானைக்குப் பின்னால ஒரு வீடு, அதுக்குப் பின்னால இன்னொரு வீடு. மத்தியானம் வெள்ளையம்மா தலையணையத் தூக்கிக்கிட்டு முதல் வீட்டுல இருந்து ரெண்டாவதுக்கு மாறுனா. "முதல் வீட்டு வாசல்ல இப்ப நெழலாச்சே?"ன்னு நம்பி கேட்டான். "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குலே வாஸ்து?"ன்னான் மாசானம். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு செம்மண்விளை வந்தே வந்துட்டாங்க.

சொர்ணம் ஆரத்தித் தட்டோட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. கக்கத்துல ஒரு பாயச் சுருட்டி வெச்சிருந்தா. அதத் தங்கச்சி வீட்டுல விரிச்சுப் படுத்துக்கலாம்னே எறங்கி வந்திருந்தா பாவம், அவ வீம்பையும் விட்டுட்டு. வண்டியப் பாத்தா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுனா.

"ரெண்டு வீடா?"

"ஆமாக்கா!" வெள்ளையம்மாவுக்குப் பல்லெல்லாம் தெரியுது.

"ரெண்டுக்கும் பால் காய்ச்சுனீங்களோ?"

"காய்ச்சாமக் குடி போக முடியுமா?"

"ஊரக் கூப்பிட்டு?"

"கறிக்கடைக்காரர் வரைக்கும் பெரியம்மா!" நம்பி பெருமையாச் சொன்னான்.

ஆரத்தித் தட்டு கீழ எறங்குச்சு. "ரெண்டு வீடு வாங்கியிருக்கா. கூடப் பொறந்தவளுக்கு ஒரு பத்திரிகை இல்ல. கறிக்கடைக்காரன் பக்கத்துலயே போய்ப் படுத்துக்கட்டீ!"

டமால்னு கதவச் சாத்துனா. தாழ்ப்பாளும் விழுந்துச்சு.

மூணு பேரும் சாத்துன கதவப் பாத்துக்கிட்டு நின்னாங்க, அன்னைக்கு டயரப் பாத்த மாதிரி. வெள்ளையம்மாதான் கண்ணத் தொடைச்சுக்கிட்டு முதல்ல பேசுனா.

"ஏலே, அவ சொல்றது நியாயம். மூணாவது ஒண்ணு வாங்குங்க. மொதப் பத்திரிகைய அவளுக்கு வைப்போம்."

ஊர் திரும்பி, அதுக்கு மறுநாள் தாசையா கடை தொறக்குறதுக்கு முன்னாலயே மூணு பேரும் அங்க நின்னாங்க. அவர் தூரத்துலயே பாத்துட்டு நாலு டீ சொல்லிட்டுத்தான் கிட்ட வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. இந்தத் தடவ வாசல் எந்தப் பக்கம் வேணும்?"

மாசானம் தம்பிகளப் பாத்தான். தம்பிக தலையாட்டுனாங்க. ராத்திரியே பேசி முடிவு பண்ணிட்டு வந்திருக்காங்க.

"வாசல் வெச்சு நாங்க பட்டது போதும். வாசலே இல்லாததா ஒண்ணு காட்டுங்க."