முப்பத்திரண்டு முடிச்சு

மலைகளெல்லாம் இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்த காலத்தில், மேலக்கோட்டைப் பட்டணத்தில் ஒரு ராஜா இருந்தார். திருமேனிராயன் என்று பெயர். நல்லவர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்ன, கண்ணாடியைப் பார்க்கிற நேரத்தில் பாதியாவது குடிகளைப் பார்த்திருக்கலாம்.

அவர் பட்டம் கட்டிய அன்றைக்கு, அந்த ஊர் வழக்கப்படி அவர் மேனியை ஒரு நூலால் அளந்தார்கள். நெற்றிக்கு ஒரு முடிச்சு, தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு. இப்படித் தலையிலிருந்து கால் வரைக்கும் முப்பத்திரண்டு முடிச்சு. ராஜாவின் மேனி எப்படியோ, அதுதான் மனுஷ மேனிக்கு அளவு. நூலுக்குப் பொருந்தினவர் பட்டணத்துக்கு உள்ளே. பொருந்தாதவர் தெற்கு வாசலுக்கு வெளியே.

நூலை வைத்திருந்தவர் அங்கமுத்துப் பண்டிதர். ஆள் நெட்டையோ குட்டையோ, அவருக்குக் கவலை இல்லை. தோளுக்கு இடுப்பு இத்தனை பங்கு, இடுப்புக்குக் கால் இத்தனை பங்கு என்று நூலை மடித்து மடித்துப் பார்ப்பார். வருஷத்துக்கு ஒரு தரம், தை மாதத்தில், ஊரையே நிறுத்தி வைத்து அளப்பார். அளந்துகொண்டே ஏட்டிலிருந்து மூன்று வரி சொல்லுவார்.

“முதுகு வளைந்தவர் மனம் வளையும். தோள் சாய்ந்தவர் நீதி சாயும். கால் இழுப்பவர் காரியம் இழுக்கும்.”

அதற்கு மேல் ஏதாவது கேட்டால், எல்லாம் போன ஜென்மத்துப் பாவம் என்பார். போன ஜென்மத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது யார், சொல்லுங்கள்.

ஊர்க் கூத்துக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கதையில் கெட்டவன் வரவேண்டுமா, முதுகில் ஒரு பஞ்சுத் தலையணையைக் கட்டி ஆளை மேடைக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் வாயைத் திறக்கும் முன்பே ஜனங்கள் சீறுவார்கள். கதை கட்டுகிறவனுக்கு வேலை மிச்சம்.

வெளியே போனவர்களுக்கு இன்னொரு சட்டம். கழுத்தில் மணி கட்டிக்கொள்ள வேண்டும். மணி கேட்டால் எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோணல் மேனி கண்ணில் பட்டால் அன்றைய காரியம் கெட்டுவிடுமாம்.

தெற்கு வாசலுக்கு வெளியே சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். பிறக்கும்போதே முதுகு வளைந்தவள். வாயும் கொஞ்சம் நீளம். அது பிறகு வந்தது. பஞ்சைக் கொட்டை நீக்கிக் கதிரில் நூற்பாள். அவள் நூற்ற நூல் வெயிலில் நீளாது, மழையில் சுருங்காது, இழுத்தால் அறாது. பட்டணத்தில் பாதிப் பேர் இடுப்பில் இருந்தது அவள் நூல்தான். அது யாருக்கும் தெரியாது. நூலுக்கு மணி கட்டவில்லை பாருங்கள்.

தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். மாசாணம் என்கிற நெசவாளி. வாசல் கதவின் கம்பி வழியாக நூல்கண்டை வாங்கிக்கொண்டு வரகு கொடுப்பான். முதல் வருஷம் நூலைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் வருஷம் மழையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து எதைப் பற்றிப் பேசினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. இப்படி ஏழு வருஷம்.

கல்யாணம் செய்துகொள்ள ஆசை. சட்டம் விடவில்லை. அவள் உள்ளே போகக் கூடாது. நேரான மேனிக்காரன் வெளியே குடிபோகவும் கூடாது.

மாசாணம் சும்மா இருக்கவில்லை. ஒரு தை மாதம் காலை இழுத்துக்கொண்டு போய் நின்றான். மறு தை மாதம் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். மூன்றாம் தடவை முதுகில் ஒரு மூட்டைப் பஞ்சைக் கட்டிக்கொண்டு நின்றான். பண்டிதர் சுற்றிச் சுற்றி அளந்தார்.

“எல்லாம் சரியாக இருக்கிறது. பஞ்சை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போ” என்றார்.

அதைக் கேட்டுச் சிலம்பாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“கோணலா இருக்கக்கூடவா உனக்கு வரல, மச்சான்?”

“பொறப்புலயே வரல புள்ள, நான் என்ன செய்ய” என்றான் அவன்.

சிரித்தாளே தவிர, அன்றைக்கு அவள் கதிர் சுற்றவில்லை. நெசவாளித் தெருப் பெரியவர்கள் அவனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அடுத்த தை கழிந்து மாசி பிறந்தால் கல்யாணம் என்று நாளும் குறித்துவிட்டார்கள். அது அவளுக்குத் தெரியும்.

அந்தத் தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, அரண்மனை எலி ஒன்று அளவு நூலைத் தின்றுவிட்டது. கஞ்சி போட்டு முறுக்கிய நூல். எலிக்கு லட்சணமா தெரியும், கஞ்சி தெரியும்.

புது நூல் வேண்டும். பண்டிதர் மேலத் தெரு நூலை வாங்கினார், வெயிலில் நீண்டது. கீழத் தெரு நூலை வாங்கினார், ஈரத்தில் சுருங்கியது. நடுத் தெரு நூலை வாங்கினார்; முதல் முடிச்சிலேயே அறுந்தது. கடைசியில் தம் இடுப்பு வேட்டியையே பிரித்து ஒரு இழையை இழுத்துப் பார்த்தார். அது அறவில்லை. இது எங்கே நெய்தது, எவர் நூற்றது என்று விசாரித்துக்கொண்டே போனால், வழி தெற்கு வாசலில் கொண்டுபோய் விட்டது.

அந்த ஊர் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. யார் நூற்றார்களோ அவர்களே ராஜா மேனியில் வைத்து முடிச்சுப் போட வேண்டும். நடுவில் வேறு கை பட்டால் அளவு தப்பும் என்று முன்னோர் எழுதிவைத்துவிட்டார்கள். பண்டிதர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சிலம்பாயியிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “முடிச்சுப் போடறேன் சாமி. புது நூலுக்குப் பொருந்தாதவங்க எல்லாரும் வெளியேதானே? யாரா இருந்தாலும்?”

“யாராக இருந்தாலும்” என்றார் பண்டிதர். “ராஜா சத்தியம்.”

“அப்ப எனக்குக் கூலி அதுவே போதும்” என்றாள்.

அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவளை அரண்மனைக்குள் விடலாம் என்று ஆயிற்று. ஆனாலும் ஒரு சங்கடம். கோணல் மேனியை ராஜா பார்க்கக் கூடாதே. அவள் கண்ணைக் கட்டலாமா என்றால், அவள் எப்படி முடிச்சுப் போடுவாள்? மந்திரிகள் கூடி ஒரு பகல் முழுக்க யோசித்து ராஜாவின் கண்ணைக் கட்டினார்கள். பண்டிதர் தூணைப் பார்த்துத் திரும்பி நின்றார். மந்திரி கூரையைப் பார்த்தார். சேனாபதி தன் கால்விரலைப் பார்த்தார். நூலையும் ராஜாவையும் பார்த்தது அந்தச் சபையில் ஒருத்திதான்.

பட்டம் கட்டி முப்பது வருஷம் ஆகியிருந்தது. சிம்மாசனத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து இடது தோள் இறங்கிப்போயிருந்தது. நெய்ச் சோறு தின்று வயிறு முன்னால் வந்திருந்தது. சால்வையும் ஒட்டியாணமும் இத்தனை நாள் மறைத்திருந்தன. கண் கட்டியிருந்ததால் ராஜாவும் வயிற்றை எக்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

சிலம்பாயி கை வைத்தாள். தோளில் மெத்தென்று ஏதோ பட்டது.

“சாமி, தோள்ல பஞ்சு இருக்குதே.”

ராஜா கண்கட்டைச் சரிசெய்துகொண்டு, “அது தையற்காரனுடையது” என்றார்.

“எடுத்துடட்டுமா சாமி?”

“எடு.”

“உள்ளதை உள்ளபடி முடிச்சுப் போடலாமா சாமி?”

“போடு.”

“அப்புறம் வருத்தப்பட மாட்டீங்களே?”

“என் மேனியில் வருத்தப்பட என்ன இருக்கிறது? போடு என்றால் போடேன்.”

மூன்று தடவை கேட்டாயிற்று. அவள் உள்ளதை உள்ளபடியே முடிச்சுப் போட்டாள். ஒரு இழை கூட்டவில்லை, ஒரு இழை குறைக்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் ஒன்றுதான். மாசாணத்தின் இடுப்பு கொடி மாதிரி. இந்த நூலுக்கு அவன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் பொருந்த மாட்டான். வாசல் தாண்டி வந்துவிடுவான்.

அவள் நினைத்தது அவ்வளவுதான். நடந்தது அவ்வளவோடு நிற்கவில்லை.

தை பிறந்தது. முதல் நாள் மந்திரியை அளந்தார்கள். தோள் இரண்டும் சமமாக இருந்தன. நூலோ ஒரு தோளைச் சாய்க்கச் சொன்னது. பண்டிதர் நூலை மறுபடி மடித்துப் பார்த்தார். நூல் தப்பு என்றால் ராஜா மேனி தப்பு என்று ஆகும். அதை யார் சொல்வது?

“மந்திரியாரே, தாங்கள் கோணல்” என்றார்.

“நேற்று வரைக்கும் நேராகத்தானே ஐயா இருந்தேன்?”

“அது நேற்றைய நூல்.”

மந்திரி மணியைக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

இரண்டாம் நாள் சேனாபதி. மார்பும் இடுப்பும் செதுக்கி வைத்த மாதிரி இருந்தார். அவரும் கோணல். போர்வீரர்களில் ஒருத்தன்கூடத் தேறவில்லை. சமையற்காரன், தையற்காரன், தெருத்தெருவாக ஜனங்கள், நடுவில் நம் மாசாணம், எல்லோரும் வரிசையாக மணி கட்டிக்கொண்டார்கள். மணி போதவில்லை, மாட்டுக் கொட்டகையிலிருந்து வாங்கினார்கள். மாசாணம் ஒருத்தன்தான் சிரித்துக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள் பண்டிதரே மிச்சம். தெற்கு வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து மந்திரி கத்தினார். “உம்மை யார் ஐயா அளப்பது?” பண்டிதர் தம்மைத் தாமே அளந்து பார்த்துவிட்டு, நூலை ராஜாவின் மடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

பட்டணத்துக்குள் முழு லட்சணம் உள்ளவர் ராஜா ஒருத்தர்தான்.

முதல் வேளை கண்ணாடி பார்த்தார். இரண்டாம் வேளை பசித்தது. மூன்றாம் வேளை நூலையும் கையில் எடுத்துக்கொண்டு தெற்கு வாசலுக்கு நடந்தார்.

அங்கே திருவிழா மாதிரி மணிச் சத்தம். சேனாபதி விறகு பிளந்துகொண்டிருந்தார். சிலம்பாயி பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ராஜாவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அவளால் நிமிர முடிகிற மட்டும் நிமிர்ந்தாள்.

“கண்ணைக் கட்டிக்கலையா சாமி?”

“கட்டிக்கொண்டால் கஞ்சி எங்கே இருக்கிறதென்று தெரியாதே” என்றார் ராஜா.

குடித்தார். இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். பசி அடங்கினதும் கோபம் வந்தது.

“முதுகு வளைந்தவள் மனம் வளையும் என்பது சரியாகத்தான் போயிற்று. என்னைக் கேலிசெய்யத்தானே இப்படி முடிச்சுப் போட்டாய்?”

எல்லா மணியும் நின்றுபோயிற்று. மாசாணம் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“அளந்து பாருங்க சாமி” என்றாள் சிலம்பாயி. “ஒரு இழை தப்பியிருந்தா நான் ஆத்தைத் தாண்டிப் போயிடறேன், திரும்பி வரல. இந்த மனுஷன் வெளியே வரட்டும்னுதான் கை வச்சேன். அந்த ஆசை என்னோடது. ஆனா முடிச்சு உங்களோடது. ஒருத்தர் வந்தாப் போதும்னு இருந்தேன். நீங்க ஊரையே அனுப்பிட்டீங்க. இத்தனை பேருக்கு வரகுக்கு நான் எங்க போவேன்?”

ராஜா எல்லோர் முன்னாலும் சால்வையை எடுத்தார். பண்டிதர் அளந்தார். முப்பத்திரண்டு முடிச்சும் கச்சிதம்.

ராஜா தம் தோளை முதல்தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

“பண்டிதரே, தோள் சாய்ந்தவர் நீதி சாயும் என்று ஏட்டில் இருக்கிறதே. என் நீதி சாய்ந்ததா?”

சாய்ந்தது என்றால் தலை போகும். சாயவில்லை என்றால் ஏடு போகும். பண்டிதர் மணிக் கயிற்றுக்கு அடியில் கழுத்தைச் சொறிந்தார்.

“அந்த வரியை எலி கடித்துவிட்டது, மகாராஜா.”

சிரிக்காதவர்கள் யாரும் இல்லை, ராஜாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கினதும் மெதுவாகச் சொன்னார். “சாய்ந்தது உண்மைதான். ஆனால் அது தோளால் வரவில்லை. உள்ளே இருந்தபோது சாய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை.”

மணிகளை அவிழ்க்கச் சொன்னார். புதிதாகக் கட்டினவர்களின் மணியை இல்லை. முதலில், நாள்பட்டுக் கட்டியிருந்தவர்களின் மணியை. அந்த மணிகளை மந்திரி தாமே அவிழ்த்தார். ஒவ்வொரு கழுத்திலும் தழும்பு இருந்தது. அவர் கழுத்தில் மூன்று நாளுக்கே சிவந்திருந்ததால், அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

“கல்யாணத்தை அரண்மனையில் வைத்துக்கொள்ளலாம்” என்றார் ராஜா.

“வேண்டாம் சாமி. வாசல்லயே வைங்க. இந்தப் பக்கத்துக்காரங்களும் வரட்டும், அந்தப் பக்கத்துக்காரங்களும் வரட்டும்.”

தெற்கு வாசல் கதவைக் கழற்றிக் கீழே போட்டு, அதையே மணமேடை ஆக்கினார்கள். கதவு பிறகு மேலே ஏறவே இல்லை.

கூத்தும் உண்டு. கூத்துக்காரன் பழக்கத்தில் முதுகுத் தலையணையோடு வந்துவிட்டு, சிலம்பாயியைப் பார்த்துத் தலை குனிந்தான். “அம்மா, இதை அவிழ்த்துட்டா கெட்டவன் யாருன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கெட்டது எதையாவது செய்ய விடேன் அண்ணே, நாங்க தெரிஞ்சிக்கறோம்” என்றாள் அவள்.

கடைசியில் அந்த அளவு நூல். அதை ராஜா அவள் கையில் கொடுத்தார். அவளே போட்ட முடிச்சுகளை அவளே உட்கார்ந்து அவிழ்த்தாள், முப்பத்திரண்டையும். நல்ல நூல், வீணாக்க மனசில்லை. மஞ்சளில் நனைத்தாள். மாசாணம் அதையே தாலிக்கயிறாக்கி அவள் கழுத்தில் கட்டினான், மூன்றே முடிச்சு. மணி கிடந்த தழும்பின் மேல் மஞ்சள் ஈரம் படிந்தது.

அவ்வளவுதான் கதை. இதிலே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: ஒருவருடைய உடம்பின் வளைவைப் பார்த்து அவர் குணத்தை அளக்கக் கூடாது, குணத்துக்கு அளவு அவரவர் செய்கைதான்.